சாம்பல் கட்டம்

சினிமாவில் அசையாமல் இருப்பதற்கென்றே கேமரா முன்னால் உட்கார வைக்கப்பட்டவர்களில் எங்கள் அம்மாவும் ஒருத்தி. இதைக் கல்லூரியில் சொன்னபோது, "பிணமா நடிச்சாங்களா?" என்று கேட்டார்கள். பிணத்துக்காவது திரையில் இடம் உண்டு. சுற்றி நாலு பேர் அழுவார்கள். அம்மாவுக்கு அந்த அந்தஸ்தும் கிடைக்கவில்லை.

விஷயம் இதுதான். பிலிம் இருந்த காலத்தில் ஒவ்வொரு ரீலிலும் படம் தொடங்குவதற்கு முன்னால் கொஞ்சம் வெற்றுப் பிலிம் ஒட்டியிருப்பார்கள். அதற்கு லீடர் என்று பெயர். எல்லா லீடர்களையும் போல அதுவும் முன்னால் வரும், உள்ளே சரக்கு இருக்காது. அந்த வெறுமைக்கு நடுவே ஒரு சில பிரேம்களுக்கு மட்டும் ஒரு பெண்ணின் முகம் வரும். முகத்துக்குக் கீழே, இடது மூலையில், சாம்பல் நிறத்தில் ஒரு கட்டம். பிலிமைக் கழுவிப் பிரதி எடுக்கும் லேபில் பிரிண்ட் போடுகிறவர்கள் அந்தச் சாம்பல் சாம்பலாகவும் அந்தத் தோல் தோலாகவும் வந்திருக்கிறதா என்று பார்ப்பார்கள். வந்திருந்தால் மொத்தப் படத்தின் கலரும் சரி. தியேட்டரில் அந்த முகம் திரையில் விழாது. ஆபரேட்டர் அதைத் தாண்டித்தான் படத்தை ஆரம்பிப்பார். உலகத்தில் எத்தனையோ லேபுகளில் எத்தனையோ பெண்கள் இப்படி உட்கார்ந்திருக்கிறார்கள். எங்கள் ஊர் லேபில் உட்கார்ந்தது அம்மா.

அவளுக்கு அங்கே டெலிபோன் எடுக்கிற வேலை. அப்பா அங்கே கிரேடர், அதாவது கலர் பார்ப்பவர். அம்மாவின் முகத்தைத் தேர்ந்தெடுத்தது அவர்தான். ஏன் என்று கேட்டால், "அவ தோல் நடுவாந்தரம். மீட்டருக்கு வசதி" என்பார். எங்கள் குடும்பத்தின் காதல் கதை இவ்வளவுதான்.

நான் குப்புற விழப் பழகுவதற்கு முன்னாலேயே அம்மா காய்ச்சலில் போய்விட்டாள். அவளுடைய போட்டோக்கள் வீட்டில் உண்டு. எதுவும் அசையாது. கல்யாண வீடியோ ஒன்று இருந்தது. அந்த கேசட்டின் மேல் மாமா, அதாவது அம்மாவின் கூடப்பிறந்த தம்பி, ஒரு பந்தாட்ட இறுதிப் போட்டியைப் பதிவு செய்துவிட்டார். "தெரியாம அமுக்கிட்டேன்டா" என்று இன்றைக்கும் வந்து அழுவார். அந்த ஆட்டத்தில் எங்கள் அணி தோற்றும் போனது.

ஆக, அம்மா எப்படி அசைவாள் என்பதற்கு உலகத்தில் இருந்த ஒரே ஆதாரம் என் கழுத்து.

இதற்கு அக்காவைத்தான் கேட்க வேண்டும். அம்மா போனபோது அவள் பால்வாடிப் பருவத்தில் இருந்தாள். அவளுக்கு மிஞ்சிய ஞாபகம் ஒன்றே ஒன்று: இருட்டான ஓர் அறை, எங்கிருந்தோ ஒரு வெளிச்சம், அதற்கு எதிரே இடது பக்கமாகச் சாய்ந்த ஒரு தலை. "அம்மா எதையாச்சும் உத்துப் பாத்தா இப்படித்தான் சாய்ப்பா" என்பாள். எனக்கு விவரம் தெரிந்த நாளிலிருந்து அந்தச் சாய்வை அவள் எனக்குச் சொல்லிக்கொடுத்தாள். பள்ளிக்கூடத்தில் போட்டோ எடுக்கும் நாளில் வாசல் வரை வந்து என் தாடையைப் பிடித்துத் திருத்துவாள். "அவ்வளவு வேணாம். சுளுக்கு வந்தவன் மாதிரி இருக்க. லேசா. ஆங், அம்மா வந்துட்டா." எல்லா வகுப்புப் போட்டோவிலும் நான் ஒருவன் மட்டும் சுவரில் கோணலாக மாட்டிய படம் மாதிரி இருப்பேன். வாத்தியார்கள் திட்டிப் பார்த்துவிட்டு, பிறவிக் கோளாறு என்று விட்டுவிட்டார்கள். எனக்கும் அது பெருமையாகத்தான் இருந்தது. மற்றவர்களுக்கு அம்மா வீட்டில் இருந்தாள். எனக்குக் கழுத்தில்.

சினிமாவின் சரித்திரம் ஒரு குதிரையில் ஆரம்பிக்கிறது. ஓடுகிற குதிரையின் நாலு காலும் ஒரே சமயத்தில் தரையை விட்டு எழும்புமா என்று பெரிய மனிதர்கள் சிலருக்குச் சந்தேகம் வந்தது. வரிசையாகக் கேமராக்களை வைத்துப் படம் பிடித்துப் பார்த்தார்கள். எழும்பியது. ஒரு குதிரையின் குளம்புக்கே அவ்வளவு அக்கறை காட்டிய தொழில்நுட்பம் இது. என் சந்தேகம் அதைவிடச் சின்னது. எங்கம்மா தலையைச் சாய்ப்பாளா, மாட்டாளா?

அதற்காகத்தான் கல்லூரி முடித்த கையோடு படக் காப்பகத்தில் சேர்ந்தேன். பழைய ரீல்களை ஸ்கேன் செய்து கம்ப்யூட்டரில் ஏற்றுகிற இடம். நேர்முகத் தேர்வில், "ஏன் இந்த வேலை?" என்றார்கள். "கலைச் சேவை" என்றேன். முன்னால் வந்த எல்லாரும் அதையே சொல்லியிருக்க வேண்டும், யாரும் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை.

ஸ்கேனர் அறையின் பொறுப்பாளர் வினிகர் அண்ணன். பழைய பிலிம் கெட ஆரம்பித்தால் அது தானாகவே வினிகர் நெடி அடிக்கும், சுருங்கும், வளையும், கடைசியில் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும். ஒரு டப்பா கெட்டால் பக்கத்து டப்பாவும் கெடும். வருஷக்கணக்காக அதை முகர்ந்ததில் அண்ணனுக்கே அந்த வாசனை வந்துவிட்டது. பஸ்ஸில் அவருக்குப் பக்கத்து இருக்கை எப்போதும் காலியாகக் கிடைக்குமாம். "இதான்டா அரசாங்கம் எனக்குக் குடுத்த சலுகை" என்பார்.

முதல் நாளே அவர் எனக்குச் சொன்னது: "லீடர் வந்தா மூஞ்சியப் பாக்காத. கிரேயைப் பாரு, அந்தச் சாம்பல் கட்டத்தை. மூஞ்சி பொய் சொல்லும். பவுடர் போட்டிருக்கும், வீட்ல சண்டை போட்டுட்டு வந்திருக்கும். கிரே பொய் சொல்லாது."

"அந்த மூஞ்சி எங்கம்மா, அண்ணே."

அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். "அப்படியா? சந்தோஷம். கிரேயைப் பாரு."

பார்த்தேன். ரீல் ரீலாக அம்மா வந்தாள். காதல் படத்தின் தலையில், பேய்ப் படத்தின் தலையில், வெளிவராமலே செத்த படங்களின் தலையில். எல்லாவற்றிலும் ஒரே அம்மா. ஒரு நாள் உட்கார வைத்து நீளமாகச் சுட்ட பிலிமைத் துண்டு துண்டாக வெட்டி, படத்துக்குப் படம் ஒட்டியிருக்கிறார்கள். நேரான தாடை, திறந்த கண், மூடிய வாய். பிரேம்களை வரிசையாக ஓட்டிப் பார்த்தாலும் போட்டோவாகவே நிற்பாள். கண்கூடச் சிமிட்டவில்லை. அவ்வளவு பொறுப்பானவள். நான் கையால் நிறத்தைத் திருத்தும் குமிழைத் திருகி, கிரேயைச் சரியான இடத்தில் நிறுத்துவேன், அவள் போய்விடுவாள். கொஞ்ச நாளில் மூஞ்சியைப் பார்க்க வேண்டும் என்ற எண்ணமே எனக்கு வராமல் போயிற்று. நல்ல தேர்ச்சி என்றார் அண்ணன்.

அப்புறம் அந்த ரீல் வந்தது.

ஏதோ ஒரு குடோனின் கூரையடியில் வெந்து கிடந்த டப்பா. திறந்ததும் கண் எரிந்தது. உள்ளே பிலிம் சுருள் சுருளாக ஒட்டிக் கட்டையாகிக் கிடந்தது. வெளிச் சுற்று மட்டும் கொஞ்சம் பிரிந்திருந்தது. லென்ஸை வைத்துப் பார்த்தேன். அம்மா. வழக்கமான நேரான தாடை. அடுத்த பிரேமும் அதேதான். அதற்கடுத்ததில் உதட்டின் ஓரம் லேசாகப் பிரிந்திருந்தது. அதற்கடுத்த பிரேமில் தாடை கிளம்பிவிட்டது. எந்தப் பக்கம் என்று சொல்ல முடியாத அளவுக்கு ஒரு மயிரிழைக் கிளம்பல். அதற்குமேல் பிலிம் கட்டைக்குள் போய்விட்டது.

"அண்ணே, அசையறாங்க."

"யாரு?"

"எங்கம்மா."

அண்ணன் லென்ஸை வாங்கிப் பார்த்தார். "போதும்னு சொன்னப்புறமும் கேமரா ஓடியிருக்கு. அந்த வாலைத் தூக்கி எவனோ இதுல ஒட்டியிருக்கான். நல்ல துண்டு தீந்துபோயிருக்கும்." பிலிமின் ஓரத்தை நகத்தால் தொட்டார். பொடி ஒட்டியது. "மருந்து ஆவியில வெச்சா இளகும். இளகினதும் உடனே ஓட்டணும். ஒரே ஓட்டம்தான்டா. அதுக்கப்புறம் இது பிலிம் இல்ல, குப்பை."

"லீடர்ல கலர் மட்டும் பாத்துக்கணும், அதை ஸ்கேன் பண்ணி வெக்கக்கூடாதுன்னு விதி இருக்கே?"

"படத்துல ஹீரோ மலை மேல நின்னு கத்தறான், அதை ஸ்கேன் பண்ணலாமாம். உங்கம்மாவப் பண்ணக்கூடாதா? நான் பாத்துக்கறேன், போ."

வீட்டில் சொன்னேன். அக்கா கையில் இருந்த கரண்டியோடு உட்கார்ந்துவிட்டாள். "பாரு, சாய்ப்பா. இடது பக்கம். நான் சொன்னேன்ல?" என்றாள். அப்புறம் அப்பாவிடம் திரும்பி, "சாய்ப்பாதானேப்பா?" என்றாள்.

அப்பா தட்டைப் பார்த்துக்கொண்டிருந்தார். அம்மா போனதும் அவர் கலர் பார்ப்பதை விட்டுவிட்டு லேபின் மருந்துக் கிடங்குக்கு மாற்றல் வாங்கிக்கொண்டு, அங்கேயே இருந்து ஓய்வு பெற்றவர். வீட்டில் டிவி கிடையாது. கலர் தப்பு என்று தூக்கிக் கொடுத்துவிட்டார்.

"ஞாபகம் இல்லம்மா."

"தினமும் பாத்தீங்களேப்பா! எல்லா ரீல்லயும் அவதானே?"

"கிரேயைப் பாத்தேன்."

"வீட்ல?"

அப்பா யோசித்தார். நிஜமாகவே முயற்சி செய்தார், அது முகத்தில் தெரிந்தது. "வீட்ல லைட் கம்மி" என்றார்.

அக்கா எழுந்து உள்ளே போனாள். நான் சாப்பிட்டுக்கொண்டே இருந்தேன். எங்கள் வீட்டில் துக்கம் வந்தால் யாராவது ஒருவர் சாப்பிட்டுக்கொண்டிருக்க வேண்டும், பெரும்பாலும் அது நான்தான்.

ஓட்டுகிற நாளில் அண்ணன் புதுச் சட்டை போட்டுக்கொண்டு வந்திருந்தார். கேட்டதற்கு, "உங்கம்மாவை மொத மொதல்ல பாக்கப் போறோம், அழுக்கா வரச் சொல்றியா?" என்றார். இளகிய பிலிமைக் குழந்தையைத் தூக்குவதுபோல இரண்டு கையிலும் ஏந்தி ஸ்கேனரில் மாட்டினார். அவர் பிலிம் ஓடுகிற பாதையைக் கவனிக்க வேண்டும், நான் திரையையும் குமிழையும். வேலைப் பிரிவினை அவ்வளவுதான்.

இயந்திரம் ஓட ஆரம்பித்தது. பிலிம் நைந்திருந்ததால் வேகத்தைக் குறைத்து வைத்திருந்தோம். முதலில் வெறும் பிலிம். கறை. மறுபடி வெறும் பிலிம். பிறகு முகம் வந்தது.

வந்ததும் நிறம் ஓடியது. கெட்ட பிலிமில் சாயம் ஒரே சீராக இருக்காது. ஒரு பிரேம் சிவப்பில் முங்கும், அடுத்தது பச்சைக்குத் தாவும். கிரே நழுவியது. நான் குமிழைத் திருகினேன். நின்றது. மறுபடி நழுவியது. பிடித்தேன். விடவில்லை. அவ்வளவு துல்லியமாக என் வாழ்க்கையில் எதையும் நான் பிடித்ததில்லை. கடைசிப் பிரேம் வரைக்கும் அந்தச் சாம்பல் சாம்பலாகவே நின்றது.

வெறும் பிலிம் வந்தது. அதுவும் முடிந்து வால் பட்டென்று அடித்தது.

மறுபக்கத்துத் தட்டில் பிலிமாக எதுவும் சேரவில்லை. அண்ணன் கையில் பாசி மாதிரி ஏதோ உதிர்ந்துகொண்டிருந்தது. அவர் அதைப் பார்க்கவில்லை. என்னைப் பார்த்தார். கண் கலங்கியிருந்தது.

"நான் பாதையைத்தான் பாத்தேன். நீ சொல்லு. எப்படி இருந்தாங்க?"

நான் வாயைத் திறந்தேன்.

"கிரே நின்னுச்சுண்ணே" என்றேன்.

அவருக்கு உடனே புரிந்துவிட்டது. அந்த அறையில் வேலை பார்க்கிற யாருக்கும் புரியும். திரையில் அம்மா அசைந்திருக்கிறாள். என் முகத்துக்கு ஒரு முழம் முன்னால். நான் இடது மூலையைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

"சரி விடுடா" என்றார். "பதிவாயிருக்கில்ல? மெஷின் பாத்திருக்கு. போய் மூஞ்சியக் கழுவிட்டு வா, நிம்மதியா உக்காந்து பாக்கலாம்."

போனேன். முகத்தைக் கழுவினேன். அக்காவுக்குப் போன் செய்தேன். "சாய்ச்சாளா?" என்றாள் எடுத்ததுமே. "இரு, இன்னும் பாக்கல. உன்கிட்ட சொல்லிட்டுப் பாக்கலாம்னுதான்" என்றேன். பொய்தான். ஆனாலும் அவள் சந்தோஷப்பட்டாள். அவள் கதை கதையாகப் பேச, நான் கேட்டுக்கொண்டு நின்றேன். அம்மா வருவதற்குக் காத்திருக்கிற பிள்ளைகள் மாதிரி இருந்தோம்.

திரும்பி வந்தபோது பக்கத்து அறையிலிருந்து துடைப்பம் எட்டிப் பார்த்தாள். ஸ்கேன் ஆன படத்தில் தூசியையும் கீறலையும் கம்ப்யூட்டரில் துடைப்பது அவள் வேலை, அதனால் அந்தப் பெயர். அவளே வைத்துக்கொண்டது. என்னோடு சேர்ந்தவள், வேலையில் புலி, மனசு தங்கம். அன்றைக்கு அந்தத் தங்கம்தான் வினையாயிற்று.

"டேய், உனக்கு ஒரு சர்ப்ரைஸ். கண்ணை மூடு."

"என்ன?"

"அண்ணன் சொன்னாரு, அது உங்கம்மா ரீலாமே! என்கிட்ட சொல்லவே இல்ல பாத்தியா. சரி, உனக்குன்னு கையிலிருந்த வேலையெல்லாம் ஓரமா வெச்சுட்டு மொதல்ல அதைத்தான் எடுத்தேன். என்னா கீறல்டா! ஒரு பிரேம்ல மூக்கு இல்ல, இன்னொண்ணுல கண்ணு இல்ல. நல்லவேளை, லீடர்ல வர்ற லேடி அசைய மாட்டாங்க. அதனால எல்லாப் பிரேமையும் ஒண்ணு மேல ஒண்ணு அடுக்கி, சராசரி எடுத்து, ஒரே படமா ஆக்கிட்டேன். ஒரு கீறல் இல்ல இப்போ."

நான் அவள் அறைக்குள் போனேன். திரையில் ஒரே ஒரு படம்தான் இருந்தது.

"தனித் தனிப் பிரேமெல்லாம்?"

"முடிஞ்சதுன்னு பட்டனை அமுக்கினா அதுவே அழிச்சுக்குமே. இல்லாட்டி எடம் ஏது?" என்றாள். பிறகு கொஞ்சம் தயங்கி, "முகம் மட்டும் கொஞ்சம் ஃபோகஸ் அவுட்டா வருது. லென்ஸ் பழசு போல" என்றாள்.

அம்மா அசைந்தாள் என்று அவளிடம் நான் சொல்லவில்லை. கீறலே இல்லாத ஒரு அம்மாவை எனக்குக் கொடுத்துவிட்டு, பிறந்தநாள் கொண்டாடியவள் மாதிரி சிரித்துக்கொண்டு நின்றாள். "தேங்க்ஸ்டி" என்றேன். வினிகர் அண்ணன் வாசலில் நின்று எல்லாவற்றையும் கேட்டிருக்கிறார். திரும்பிப் போய், தட்டில் கிடந்த தூளை ஒரு டப்பாவில் போட்டு மூடி வைத்தார். அதை வைத்து என்ன செய்வது என்று இருவருக்கும் தெரியவில்லை.

படத்தை போனில் ஏற்றிக்கொண்டு சாயங்காலம் வீட்டுக்குப் போனேன். அக்கா வாசலிலேயே பிடுங்கிப் பார்த்தாள். திருப்பிப் பார்த்தாள். தலைகீழாகக்கூடப் பார்த்தாள்.

"என்னடா இது?"

தோள் தெளிவாக இருந்தது. ரவிக்கைக் கழுத்தின் பூத்தையல் தெளிவாக இருந்தது. கழுத்துக்கு மேலே, ஈரத்துணியால் துடைத்த பலகையில் மிச்சமிருக்கும் சுண்ணாம்பு மாதிரி ஒரு வெளிச்சப் பரவல். அம்மா எத்தனை பக்கம் திரும்பினாளோ அத்தனை பக்கமும் அதற்குள் இருந்தது. சிரித்திருந்தால் அதுவும். எதையும் தனியாக எடுக்க முடியாது.

"எந்தப் பக்கம் சாய்ச்சா?" என்றாள் அக்கா.

"சராசரியா பாத்தா, நேரா" என்றேன். அவள் சிரிக்கவில்லை. நானும் சிரிப்பதற்காகச் சொல்லவில்லை.

அப்பா நாற்காலியில் இருந்தபடியே கையை நீட்டினார். போனைக் கொடுத்துவிட்டு அவர் தோளுக்குப் பின்னால் நின்றேன். அக்கா முன்னறை விளக்கைப் போடப் போனாள். "வேண்டாம்மா, லைட்டைப் போடாத. படம் பாக்கறப்ப வெளி வெளிச்சம் கூடாது" என்றார். பல வருஷங்களுக்குப் பிறகு அவர் ஒரு படத்தைப் பார்க்கிறார். அந்தப் பழைய குரல் எங்கிருந்து வந்தது என்று தெரியவில்லை.

இருட்டு அறையில் போனின் வெளிச்சம் மட்டும் அவர் முகத்தில் விழுந்தது. நெடுநேரம் பார்த்தார்.

"கிரே சரியா இருக்கு" என்றார். "யார் பிடிச்சது?"

"நான்தான்."

"நல்லா பிடிச்சிருக்க."

பிறகு அவர் ஒரு காரியம் செய்தார். கட்டை விரலைக் கொண்டுபோய் மூலையில் இருந்த அந்தச் சாம்பல் கட்டத்தின் மேல் வைத்து மறைத்தார். மறைத்துவிட்டு மறுபடி பார்த்தார். அது இல்லாமல் முகத்தை மட்டும் பார்க்க முயற்சி செய்கிறார் என்று எனக்குப் புரிந்தது. நானும் குனிந்து பார்த்தேன். எங்கள் இருவரின் கண்ணும் விரல் இருந்த மூலைக்கே போய் முட்டிக்கொண்டு நின்றது.

"வரல" என்றார் அப்பா.

சுவிட்சுப் பக்கத்திலிருந்து அக்காவின் குரல் வந்தது. "அப்பா."

நிமிர்ந்தோம். அவள் எங்களையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் நின்ற இடத்திலிருந்து பார்த்தால் இருட்டான ஓர் அறை, கீழேயிருந்து ஒரு வெளிச்சம், அதற்கு எதிரே இடது பக்கமாகச் சாய்ந்த இரண்டு தலைகள்.

"லேப்ல, இருட்டு ரூம்ல, என்னை மடியில வெச்சுட்டு கலர் பாப்பீங்களா?" என்றாள்.

"ஆமா. டெலிபோன் நிறைய வர்ற நாள்ல அம்மா உன்னை என்கிட்ட விட்டுட்டுப் போவா. ஏன்?"

அக்கா கிட்டே வந்தாள். கையை நீட்டி என் தாடையைப் பிடித்தாள், பள்ளிக்கூட வாசலில் பிடிப்பதைப் போலவே. ஆனால் இந்த முறை நேராக்கினாள்.

"மன்னிச்சிடுடா" என்றாள்.

கழுத்தை அப்படியே நேராக வைத்துக்கொண்டு நின்றேன். அவள் கையை எடுத்ததும் அது மெதுவாகப் பழைய இடத்துக்கே வந்து சாய்ந்தது.